மோட்டார் ஓடும் நேரத்து ஈயம்

செந்துறை,
12.2.1998

அன்புள்ள ஜரீனா,

நேற்றுக் காலை எழுந்ததும் முதல் வேலையாக, காப்பிக்குப் பால் கூட வைக்காமல், திருச்சியிலிருந்து திரும்பி வந்த அட்டைப்பெட்டியைத் தரையில் கவிழ்த்து, ஊதாப் பொட்டு வைத்த போர்டுகளை மட்டும் தனியாகப் பொறுக்கினேன். அறுநூறு அனுப்பினோம். இருநூற்றுப் பன்னிரண்டு திரும்பி வந்திருக்கிறது. அதில் ஊதாப் பொட்டு நூற்று முப்பது. இரண்டு முறை எண்ணினேன்.

வீட்டுக்குப் பின்னால் போட்ட ஷெட்டைப் பற்றிப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். எமர்ஜென்சி விளக்குக்குள்ளே இருக்கும் சின்ன போர்டு எங்கள் வேலை. திருச்சிக் கம்பெனி சாமான்களை அனுப்பும். ஒன்பது பெண்கள் உட்கார்ந்து, சூடான அயனால் ஈயத்தை உருக்கிச் சாமான்களைப் பற்றவைப்பார்கள். ஒரு போர்டில் இருபத்திரண்டு இடத்தில் ஈயம் வைக்க வேண்டும். நல்ல ஈயம் பளபளவென்று நிற்கும். சூடு போதாத ஈயம் சாம்பல் பூத்து, பார்க்க ஒட்டியது போல இருந்து, விளக்கைத் தூக்கி ஆட்டினால் விட்டுவிடும். டிரை சால்டர் என்பார்கள். யார் வைத்தது என்று தெரிவதற்காக ஒவ்வொருத்தியும் தன் போர்டில் ஒரு நிறத்தில் நகப்பாலிஷ் பொட்டு வைப்பாள். ஊதா ராசாத்தியுடையது.

ராசாத்தியின் வீட்டுக்காரர் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. மற்ற எட்டுப் பேரும் காலை ஏழரைக்கு வந்தால் மாலை ஆறுக்குத்தான் எழுந்திருப்பார்கள். இவள் மட்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு வருவாள், நாலு மணிக்குப் போய்விடுவாள். அதற்கெல்லாம் நான் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் நூற்று முப்பது!

நேற்று அவளை நிறுத்திவிட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, நான் ஒழுங்காத்தான் வக்கிறேன். ஈயந்தான் உருக மாட்டேங்குது" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "எல்லாருக்கும் உருகுற ஈயம் உனக்கு மட்டும் உருகாதா? நாளையிலேருந்து வரவேணாம், போ" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. நகப்பாலிஷ் புட்டியை மூடி என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். கறாராக இல்லாவிட்டால் தொழில் நடத்த முடியாது, ஜரீனா. கம்பெனிச் சூப்பர்வைசர் தர்மராஜ் ஏற்கெனவே, "மேடம், உங்க பொம்பளைங்களுக்குக் கை பழகலைன்னா சொல்லிடுங்க, வேலையத் திருச்சியிலயே வச்சிக்கிறோம்" என்று நக்கலடிக்கிறார்.

மீதிக் குற்றம் அயன்களுடையது என்று நினைக்கிறேன். இங்கே கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட். உன் கொழுந்தன் பிலால் அடுத்த மாதம் லீவில் வருவதாக எழுதியிருந்தாயே, அவரிடம் எட்டு சால்டரிங் அயன் கொடுத்துவிட முடியுமா? இருபத்தைந்து வாட். சவுதிச் சாமான் என்றால் சவுதிச் சாமான்தான்.

இவர் வழக்கம்போல ஏழு மணி பஸ்ஸில் அரியலூர் ஆபீசுக்குப் போய்விட்டு, இருட்டியதும் வருகிறார். பெனாசிர் எப்படி இருக்கிறாள்? உன் முட்டிவலி?

அன்புடன்,
உன் பாக்யம்


தம்மாம்,
27.2.1998

அன்புள்ள பாக்யத்துக்கு ஜரீனாவின் சலாம்.

உன் கடிதம் வந்த அன்று எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறி வந்த அலுப்பில் பிரித்தேன். படித்ததும் அலுப்பு போனது. ஆனால் மனசுக்குள் ஏதோ நெருடியது. பிறகு சொல்கிறேன்.

முதலில் அயன். எங்கள் வீட்டுக்காரர் நிஜாமுதீன் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி எட்டு வாங்கிவந்தார். ஜப்பான் தயாரிப்பு. கைப்பிடியில் இருபத்தைந்து வாட் என்று பொறித்திருப்பதை நானே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கட்டினேன். பிலாலின் பெட்டியில் என் மாமியாருக்குப் போகும் போர்வைக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். லப்பைக்குடிக்காட்டுக்கு நீயே போய் வாங்கிக்கொள். அவனை நம்பி இருக்காதே, லீவில் வந்தால் பிலால் எந்த ஊரில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பெண்களிடம் உன்னைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. "என் கூடப் படித்தவள், பி.எஸ்ஸி. பிசிக்ஸ், ஒன்பது பேருக்கு வேலை கொடுக்கிறாள்" என்று நான் ஆரம்பித்தாலே பெனாசிர், "உம்மா, ஒன்பது பேரா? போன வாரம் எட்டுன்னு சொன்னீங்க" என்று கிண்டல் பண்ணுகிறாள். நம் இருவரில் படிப்பைக் கையில் எடுத்தவள் நீ. என் பட்டம் நகைப்பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.

இப்போது அந்த நெருடலைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. எட்டுப் பேர் முன்னாலா அவளைப் போகச் சொன்னாய்? உனக்கு எப்போதும் விடை சீக்கிரம் கிடைத்துவிடும், பாக்யம். லேப்பில் நான் இரண்டாவது முறை அளந்துகொண்டிருக்கும்போது நீ நோட்டை மூடிவிட்டு வாசலில் நிற்பாய். ஈயம் உருகவில்லை என்று அவள் சொன்னாளே. அதற்கு நீ பதில் சொல்லவில்லை. திட்டினாய், அவ்வளவுதான்.

முட்டிவலி இருக்கிறது, அதுபாட்டுக்கு.

உன் அன்பு,
ஜரீனா


செந்துறை,
18.3.1998

அன்புள்ள ஜரீனா,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். உன் ஜப்பான் அயன் வெடித்தது.

பெரம்பலூரில் பஸ் மாறி லப்பைக்குடிக்காடு போய், உன் மாமியார் போட்ட பிரியாணியைத் தின்றுவிட்டு, பொக்கிஷம் போலக் கொண்டுவந்தேன். பிலால் ஊரில்தான் இருந்தார். "பத்திரமா வச்சிக்கங்க லாத்தா, ஒரிஜினல் சாமான்" என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தர்மராஜ் ஷெட்டுக்கு வந்தார். அவர் எதிரில் பெருமையாக ஒன்றைச் சொருகினேன். கண் மூடித் திறப்பதற்குள் முனை சிவந்தது. பட்டென்று ஒரு சத்தம். கைப்பிடியிலிருந்து புகை. பெண்களில் ஒருத்தியான ரெங்கம்மாள் ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

தர்மராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன மேடம், ஃபாரின் பொகையும் நம்மூருப் பொகை மாதிரியே நாறுது!" என்றார். பெண்கள் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் திணறினார்கள். பிறகு அவர் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: ஏப்ரல் 24ஆம் தேதி திரும்பவும் வருவாராம். அவர் கண்ணெதிரே நூறு போர்டு செய்து காட்ட வேண்டும். ஐந்துக்கு மேல் கழிந்தால் வேலை திருச்சிக்குப் போய்விடும். "மத்தியானச் சோறு தின்னுட்டு உங்காளுங்க கண்ணசந்துடறாங்க. அதான் விஷயம். நான் மத்தியானமே வரேன்" என்றார்.

அவர் போனபிறகு எரிந்த அயனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பிடியைத் திருப்பினேன். இருபத்தைந்து வாட்டுக்குக் கீழே, அதைவிடச் சின்ன எழுத்தில், 110 வோல்ட்.

ஜரீனா! உங்கள் வீட்டில் வருவது நூற்றுப்பத்து. எங்களுக்கு இருநூற்று முப்பது. மூன்று வருஷம் பிசிக்ஸ் படித்த நாம் இரண்டு பேரும் வாட்டை மட்டும் பார்த்தோமே!

போர்டு சோதிக்கும் மீட்டரை எடுத்து, சொருகாத இன்னொரு சவுதி அயனின் தடையை அளந்தேன். முனையைச் சூடாக்கும் கம்பியின் தடை 484 ஓம். எங்கள் பழைய அயனை அளந்தேன். 2116. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கித் தடையால் வகுத்தால் வாட். உன் அயன் எங்கள் பிளக்கில் நூற்றொன்பது வாட் குடித்திருக்கிறது. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. வெடிக்காமல் என்ன செய்யும்? கைப்பிடியில் எழுதியிருக்கும் வாட் அயனுடைய குணமே இல்லை. கம்பியின் தடை மட்டும்தான் அதற்குச் சொந்தம். மிச்சமெல்லாம் அதற்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஏறினால் இவ்வளவு ஏறும் என்றால், இறங்கினால்?

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி என்று உனக்குத் தெரியும். இப்போது போர் போட்டுக் கடலை வைக்கிறார்கள். மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் பகலில் பத்து மணிக்கு விடுவார்கள், நாலு மணிக்கு நிறுத்துவார்கள். பத்து மணி அடித்ததும் சுற்றுவட்டாரத்து மோட்டார் அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பும். மறுநாள் பதினொரு மணிக்கு ஷெட்டில் மீட்டரைப் பிளக்கில் வைத்தேன். நூற்று அறுபது வோல்ட்.

நூற்று அறுபதை நூற்று அறுபதால் பெருக்கி 2116ஆல் வகுத்துப் பார். பன்னிரண்டு வாட். வோல்ட் மூன்றில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை, சூடு பாதிக்கும் கீழே போய்விட்டது.

ரெங்கம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்பது பேரில் மூத்தவள் அவள்தான். தலையைச் சொறிந்தாள். "மத்தியானத்துல அது மந்தந்தான் பாக்யம். நாங்க சும்மா வெத்தலையப் போட்டுக்கிட்டுக் கதை பேசிக்கிட்டு இருப்போம். நாலு மணிக்கு மேல பத்திக்கும். அப்ப வெரட்டி அடிச்சிடுவோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ திட்டுவியே."

பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போகிறவள் எங்கே கதை பேசுவாள்? அவளுக்குக் கிடைத்த நேரமே அதுதான். மந்தமான அயனை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று, ஆறு மணி நேரமும் தலை நிமிராமல் ஈயம் வைத்திருக்கிறாள். நூற்று முப்பது போர்டு.

ராசாத்தி சொன்னது அத்தனையும் உண்மை. நீ கேட்டதும் சரி. அவள் வீட்டுக்குப் போகும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. ஸ்டெபிலைசர் வைக்கலாம் என்று அரியலூர் கடையில் கேட்டேன். நூற்று எழுபதுக்குக் கீழே அதுவே கட்டாகிவிடுமாம். வேறு வழியும் தெரியவில்லை.

பாக்யம்


தம்மாம்,
1.4.1998

அன்புள்ள பாக்யம்,

வெட்கமாக இருக்கிறது. சிரிப்பும் அடங்கவில்லை. நிஜாமுதீனிடம் சொன்னேன். "ரெண்டு பிசிக்ஸ் பட்டதாரி சேர்ந்தா ஒரு அயன் வெடிக்கும்னு இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாக அதையே வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவர் தானே கடை கடையாக ஏறி வாங்கினார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

போனில் சொல்லலாம் என்று நினைத்தேன். கணக்கைக் காதில் சொன்னால் நீ நம்பமாட்டாய், எழுத்தில் பார்க்க வேண்டும் உனக்கு. ஆகவே இதோ.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன். அப்படியே குப்பூஸ் ரொட்டி வந்த காகித உறையைக் கிழித்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, பாக்யம்! குழம்பு அடிப்பிடித்தது, அது வேறு கதை.

வாட்டைத் தீர்மானிப்பவை இரண்டு. வோல்ட், தடை. வோல்ட்டை நீ ஒன்றும் செய்ய முடியாது. கடலைக்குத் தண்ணீர் பாயத்தான் வேண்டும். ஆகவே அதை விட்டுவிடு. மற்றதை மாற்று. ஐம்பது வாட் என்று எழுதிய நம்மூர் அயனை வாங்கு. அதன் தடை 1058 இருக்கும், உன் பழைய அயனில் சரிபாதி. மோட்டார் ஓடும்போது அதில் நூற்று அறுபது வோல்ட் போனால் என்ன வரும்? இருபத்துநாலே கால் வாட்! உனக்கு வேண்டியது அதுதானே!

ஆனால் கவனம். நாலு மணிக்கு மோட்டார் நின்றதும் அதே அயன் முழு ஐம்பது வாட் ஆகிவிடும். போர்டில் இருக்கும் செம்புக்கோடு உரிந்து கையோடு வரும். ஆகவே ஒவ்வொருத்திக்கும் இரண்டு அயன். வோல்ட் மீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டு. முள் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கேற்ற அயன். மீதி ஏழு சவுதி அயனைத் தூக்கிப்போடாதே. இரண்டிரண்டாக ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் நூற்றுப் பதினைந்து வோல்ட் வரும். காலை நேரத்துக்கு ஆகும்.

இதையெல்லாம் நான்தான் எழுதினேனா என்று திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான்தான்.

அடுத்த வாரம் ஹஜ்ஜுப் பெருநாள். அதற்குப் பிறகுதான் இது உனக்குக் கிடைக்கும், கிடைத்த அன்றே ராசாத்தி வீட்டுக்குப் போ. கணக்கு எழுதிக் கொடுக்க என்னால் முடியும். அந்த வாசல்படியை நான் ஏற முடியாது.

உன்,
ஜரீனா


செந்துறை,
27.4.1998

அன்புள்ள ஜரீனா,

எங்கிருந்து தொடங்க? போனேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்று மாலையே போனேன். ராசாத்தி அடுப்படியில் இருந்தாள். நான் வாசலில் நின்றேன். "உள்ளார வாங்கக்கா. அங்க நின்னா நாலு பேரு என்னா ஏதுன்னு கேப்பாங்க" என்றாள். நோட்டைப் பிரித்து, பன்னிரண்டு வாட், இருபத்துநாலு வாட் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

"கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. அன்னிக்கே சொன்னேன், ஈயம் உருகலைன்னு. என் சேர்ல ஒரு தடவ குந்திப் பாத்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"தப்பு என்னோடதுதான் ராசாத்தி. நாளைக்கு வா" என்றேன்.

உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "போகச் சொன்னது எட்டுப் பேரு முன்னாடி. வரச் சொல்றது மட்டும் அடுப்படியிலயா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா, அந்த இடத்திலேயே அவளை நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இவளிடமா நான் "போ" என்றேன்!

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் ஷெட் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான் எழுந்து, எட்டுப் பேரும் கேட்கும்படி சொன்னேன்: "ராசாத்தி வச்ச ஈயத்துல குத்தமில்ல. நான் கொடுத்த சூடு பத்தல. தெரியாம அவளை நிறுத்திட்டேன். தப்பு எம்மேலதான்." ரெங்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "உள்ள வாடி, மகாராணி. வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்றாள். "வச்சாத்தான் என்ன?" என்று கேட்டுக்கொண்டே ராசாத்தி வந்து உட்கார்ந்தாள். ஊதாப் புட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

பெரம்பலூரில் ஐம்பது வாட் அயன் பத்து வாங்கினோம். சுவரில் மீட்டர் மாட்டினோம். சவுதி அயனை நீ சொன்னபடி ஜோடி சேர்த்தாயிற்று. அதில் ஒரு கூத்து. ஒருத்தி பிளக்கைப் பிடுங்கினால் கூட இருப்பவளுக்கும் ஆறிப்போகிறது. தண்ணீர் குடிக்கப் போகிறவள் பக்கத்திலிருப்பவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரைத் தெரியாமல் ஜோடி போட்டுவிட்டு ஒரு வாரம் பட்ட பாடு!

24ஆம் தேதி பதினொன்றரை மணிக்குத் தர்மராஜ் வந்தார். முள் நூற்று அறுபதில் நின்றது. அவரை மீட்டருக்கு எதிரில் நிறுத்திக் கணக்கைச் சொன்னேன். நம்பவில்லை. "கால்வாசி வோல்டேஜ் கொறஞ்சா கால்வாசி சூடு கொறயும். அதுக்கு இவ்ளோ பேச்சா?" என்றார். அப்போது ராசாத்தி எழுந்தாள். ஒரு கையில் பழைய அயன், ஒரு கையில் புதியது. இரண்டும் பத்து நிமிஷமாகச் சொருகியிருந்தவை. ஒரே போர்டில் இடப்பக்கம் அதில் ஒன்று, வலப்பக்கம் இதில் ஒன்று என ஈயம் வைத்து அவரிடம் நீட்டினாள். "ரெண்டும் என் கைதாங்க சார். நான் இன்னும் சோறு கூடத் திங்கல" என்றாள்.

அவர் உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தார். இடப்பக்கம் சாம்பல். வலப்பக்கம் பளபளப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒன்பது பேரும் தொடங்கினார்கள். நானும் ஒரு அயனை எடுத்துக்கொண்டு ராசாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, எல்லாம் ஒரு பெருமைதான். எனக்கென்று நிறம் இல்லாததால் என் போர்டுகளுக்குப் பொட்டு வைக்கவில்லை. மூன்று மணிக்கு நூறு முடிந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வலப்பக்கம் அடுக்கினார். இடப்பக்கம் இரண்டே இரண்டு.

"தொண்ணூத்தெட்டு" என்றார். பிறகு அந்த இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பொட்டையே காணோம்? யாரு வச்சது?"

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராசாத்திதான் சொன்னாள்: "அது எங்க அக்கா வச்சதுங்க. அக்காவுக்கும் ஈயம் உருக மாட்டேங்குது போல."

ஜரீனா, ஷெட் கூரை பறந்துவிடும் போல ஒரு சிரிப்பு. தர்மராஜ் கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. சூடு சரியாகத்தான் இருந்தது. நான்தான் அவசரப்பட்டு அயனை எடுத்துவிட்டேன்.

வேலை எங்களுடனேயே இருக்கிறது. உன் குப்பூஸ் உறைக் கணக்கை இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இந்தம்மா இங்க இருந்திருந்தா ஷெட்டு ரெண்டாகியிருக்கும்" என்றார்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
பாக்யம்


தம்மாம்,
12.5.1998

அன்புள்ள பாக்யம்,

உன் கடிதத்தை நிஜாமுதீனுக்கும் பெனாசிருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பொட்டில்லாத போர்டு வந்ததும் பெனாசிர் சோபாவிலிருந்து கீழே இறங்கி உட்கார்ந்து சிரித்தாள். அவர் அயன் வெடித்த கதையை விட்டுவிட்டு இப்போது தொண்ணூற்றெட்டு கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

தொண்ணூற்றெட்டு தேறியதை விட, இரண்டு தேறாததை நீ எழுதினாயே, அதில்தான் எனக்குப் பெருமை. கல்லூரியில் கணக்கோடு ஒட்டாத அளவு வந்தால் அந்த வரியையே அடித்துவிடுவாய். ஞாபகம் இருக்கிறதா?

ஒரு செய்தி. பெனாசிர் படிக்கும் இந்தியப் பள்ளியில் பிசிக்ஸ் லேபுக்கு உதவியாளர் தேவை என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நகைப்பெட்டியை நகர்த்திச் சான்றிதழை எடுத்தேன். மூலையில் கொஞ்சம் பூச்சி அரித்திருந்தது. தலைமையாசிரியை, "இத்தனை வருஷம் கழித்து நினைவிருக்குமா?" என்று கேட்டார். 110 வோல்ட் அயன் கதையைக் கணக்கோடு சொன்னேன். வருகிற சனிக்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்!

முட்டிவலிக்கு நேரம் இல்லை இப்போது.

ஜரீனா


செந்துறை,
26.5.1998

அன்புள்ள ஜரீனா,

லேப் உதவியாளர் அம்மாவுக்கு வணக்கம். உன் கடிதத்தை ஷெட்டிலேயே பிரித்துப் படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ரெங்கம்மாள், "யாருக்கு என்ன விசேஷம்?" என்றாள். சொன்னேன். உன்னை ஒருத்தியும் பார்த்ததில்லை, ஆனாலும் எல்லாருக்கும் சந்தோஷம். உன் கணக்கில்தானே இவர்கள் அயன் சூடாகிறது.

இப்போது மணி பதினொன்றேகால். முள் நூற்று அறுபத்து மூன்றில் நிற்கிறது. முன்பெல்லாம் இந்த நேரத்தில் வெற்றிலைப் பெட்டிதான் திறந்திருக்கும். இப்போது ஒன்பது முனையிலிருந்தும் மெல்லிய புகை எழுகிறது. இந்த மாதம் எண்ணூறு அனுப்பினோம். ஏழு திரும்பி வந்தது. ஊதாவில் ஒன்று கூட இல்லை.

நேற்று திருச்சியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. இனிமேல் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு சீட்டு வைத்து அனுப்ப வேண்டுமாம். எங்கள் சீட்டு இருந்தால் அங்கே மறுபடி சோதிக்க மாட்டார்களாம். வேறு எந்த ஊருக்கும் அவர்கள் இந்தச் சலுகை கொடுத்ததில்லை. புத்தகமாகவே அச்சடித்து அனுப்பியிருக்கிறார் தர்மராஜ். அடியில் ஒரு வரி: சரிபார்த்தவர், கு. பாக்யலட்சுமி, பி.எஸ்ஸி.

அச்சில் என் பெயர் வந்தது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இதுதான் முதல் முறை. அதில் பட்டத்தைப் போடவேண்டாம் என்று என் மாமனார் எடுக்கச் சொல்லிவிட்டார். நேற்று சாயங்காலம் அந்தப் புத்தகத்தை எத்தனை தடவை பிரித்துப் பார்த்தேன் என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன், ஆறு தடவை. இவர் பார்த்துவிட்டு, அரியலூர் ஆபீசில் காட்ட ஒரு சீட்டைக் கிழித்துக் கேட்டார். கொடுக்கவில்லை.

இன்று காலை முதல் போர்டைச் சரிபார்க்கக் கையில் எடுத்தேன். பளபளப்பாகத்தான் இருந்தது. சீட்டில் கையெழுத்துப் போடப் போனேன். அப்போது ராசாத்தி தன் இடத்திலிருந்தே எட்டிப் பார்த்து, "அக்கா, அந்த மூணாவது வரிசை நடு ஈயத்தைத் தொட்டுப் பாருங்க. அது சிரிக்குது, ஆனா புடிக்கல" என்றாள். நகத்தால் நெம்பினேன். கையோடு வந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஆறு மணி நேரமும் உருகாத ஈயத்தையே பாத்துக்கிட்டு இருந்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

இத்தனை நாளாக மற்றவர்கள் வைத்த ஈயத்தைத் தள்ளியும் ஏற்றும் உட்கார்ந்திருந்தேன், ஜரீனா. எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது கணக்கு. அதுவும் ஒரு அயன் வெடித்த பிறகு.

ராசாத்தி எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து அழகாகப் போடுவாள். தர்மராஜ் பட்டம் எங்கே என்று கேட்பார். ரெங்கம்மாள் தன்னை விட்டுவிட்டு இளையவளையா என்று இரண்டு நாள் முறைப்பாள். பத்து மணிக்கு வருகிறவள் எப்படிச் சரிபார்ப்பாள் என்று யாராவது கேட்டால், ஒரு பெட்டியும் நாலு மணிக்கு முன் கிளம்புவதில்லை என்று சொல்வேன். காலை வேலையை அவள் வந்ததும் பார்ப்பாள். நாலு மணிக்கு மேல் வைப்பதை மறுநாள் பார்ப்பாள்.

வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு, ஒன்பது பேரும் உட்கார்ந்தபிறகு, அந்தச் சீட்டுப் புத்தகத்தில் என் பெயரையும் பட்டத்தையும் பேனாவால் அடித்து அவள் பெயரை எழுதி அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அவள் எழுந்த நாற்காலியில் நான் உட்காருவேன். எனக்கும் ஒரு நிறத்தில் நகப்பாலிஷ் வாங்கிவிட்டேன், மஞ்சள். என் போர்டுகளையும் அவள்தான் பார்த்துத் தள்ளவோ ஏற்கவோ வேண்டும்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அந்தத் திங்கட்கிழமை முடிந்திருக்கும். இந்த நிமிஷம் வரை இவரிடம் கூடச் சொல்லவில்லை. ராசாத்திக்கும் தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஈயம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்,
பாக்யம்